குடிக்கிற எட்டு லிட்டர்: ஒகேனக்கல் தண்ணீர் வந்தும் புளோரைடு ஏன் போகவில்லை?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் திறக்கப்பட்டது. ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டுக் கட்டிய திட்டம் அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகரங்களும் 6,700-க்கு மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளும் அதில் சேர்ந்தவை. அப்புறம் 2019-ல் ஜல் ஜீவன் இயக்கம் வந்தது, வீட்டு வாசலுக்கே குழாய் வந்தது. இவ்வளவும் ஆன பிறகும் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் கேன் தண்ணீர் வண்டி வந்து நிற்கிறது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு தண்ணீரில் கூடுதல் என்று செய்தியும் அவ்வப்போது வருகிறது. 'காவிரித் தண்ணீர்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன புளோரைடு?' என்று படிப்பவர்கள் குழம்புவது நியாயம்தான்.

தண்ணீர் வந்ததும் உண்மை, புளோரைடு முழுதாகப் போகாததும் உண்மை. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும் என்பதற்கு விடை, பெரும்பாலும் ஊர்க்கோடியில் நிற்கும் மேல்நிலைத் தொட்டிக்குள் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

எவ்வளவு இருந்தால் கூடுதல்?

புளோரைடு என்பது புளூரின் என்ற தனிமத்தின் உப்பு வடிவம். தண்ணீரில் கரைந்திருந்தால் நிறமில்லை, மணமில்லை, நாக்கில் வைத்தாலும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் அடர்வு கூடத்தான் செய்யும். கிருமி பயத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிப் பழகிய நமக்கு இது முதல் அதிர்ச்சி.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவும் 1.5-தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒரு ஆள் நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கிறார் என்ற அனுமானம். அதாவது 3 மில்லிகிராம் உடம்புக்குள் போகிறது. சித்திரை வெயிலில் கரும்பு வெட்டுகிறவர் 4 லிட்டர் குடித்தால் அதே 1.5 தண்ணீரிலேயே 6 மில்லிகிராம் ஆகிவிடும். சோறு, குழம்பு, களி எல்லாம் அதே தண்ணீரில்தான் வேகின்றன, அது தனி. அதனால்தான் சூட்டுப் பிரதேசத்தில் 1.5 என்பதைப் பாதுகாப்பான எண்ணாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார அமைப்பே உள்ளூர்த் தட்பவெப்பத்தையும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் பார்த்து அளவை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது.

ஒரு சந்தேகம் வரலாம்: பற்பசையில் புளோரைடு நல்லது என்கிறார்களே? ஆமாம், மிகக் குறைந்த அளவில் அது பல்சொத்தையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் குடிநீரில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், அங்கே 2015-லிருந்து பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான இடைவெளி அவ்வளவு குறுகல்.

பாறையிலிருந்து குடத்துக்கு

இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பது கருங்கல் வகைப் பாறை: நைஸ், சார்னோகைட், கிரானைட். அவற்றுக்குள் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்கள் இருக்கின்றன. புளோரைடு அவற்றில்தான் பூட்டிக் கிடக்கிறது. பாறை வெடிப்புகளில் பல ஆண்டு தேங்கி நிற்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்தெடுக்கிறது. மழை பெய்து ஊறிய புதுத் தண்ணீருக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே பொதுவாக, மேலோட்டமான திறந்த கிணற்றில் குறைவாகவும் 500, 600 அடிக்குக் கீழே போன போர்வெல்லில் கூடுதலாகவும் இருக்கும். பொதுவாகத்தான். ஒரே ஊரில் கிழக்கே உள்ள போர் 0.8 காட்ட, கோயிலுக்குப் பின்னால் உள்ளது 3 காட்டுவதும் உண்டு. பாறை வெடிப்பு எந்தக் கனிமத்தை உரசிக்கொண்டு போகிறது என்பதைப் பொறுத்தது அது.

இன்னொரு சங்கதி கால்சியம். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைப் பிடித்துக் கீழே படிய வைத்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து போய்விட்ட தண்ணீரில் அந்தப் பிடிப்பு இல்லை, புளோரைடு தாராளமாக ஏறும்.

இதில் ஒரு வேடிக்கையான விளைவு இருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் தண்ணீரைச் சோதிக்கும் முறை, அதில் பருப்பு வேகிறதா என்பது. கால்சியம் கூடிய கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. 'அது உப்புத் தண்ணி' என்று ஒதுக்கிவிடுவார்கள். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீரில் பருப்பு மெத்தென்று வெந்துவிடும். 'இது நல்ல தண்ணி' என்று அதைக் குடத்தில் பிடிப்பார்கள். புளோரைடு அதிகம் இருக்க வாய்ப்புள்ளது அந்த இரண்டாவது தண்ணீரில்தான். தலைமுறை தலைமுறையாகத் தவறாத சோதனை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மாறாகக் கைகாட்டுகிறது.

நல்லது செய்யப் போய் வந்த தொல்லை

இங்கே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. 1970-களில் கிராமங்களின் முதல் எதிரி காலரா, வயிற்றுப்போக்கு. குளத்துத் தண்ணீரும் திறந்த கிணறும் கிருமியின் வாசல்கள். யுனிசெப் துணையோடு உருவாகி, சென்னையில் உற்பத்தியான இந்தியா மார்க்-2 கைப்பம்பு நாடு முழுக்கப் பரவியது. ஆழத்துத் தண்ணீரில் கிருமி குறைவு, குழந்தைகள் பிழைத்தார்கள். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எந்தக் கல்லையும் குடையத் தொடங்கின. நீர்மட்டம் இறங்க இறங்க போர் ஆழமாயிற்று. கிருமிக்குச் சோதித்தார்கள், கனிமத்துக்கு அந்த அளவு சோதிக்கவில்லை.

நோய் தெரியாததாலும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் புளோரோசிஸ், அதாவது புளோரைடு மிகுவதால் வரும் நோய், இருப்பதை ஷார்ட் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1937-லேயே பதிவு செய்துவிட்டார்கள். உழவு மாடுகள் நடக்க முடியாமல் நொண்டுவதை விவசாயிகள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள் என்பார்கள். இந்தியாவில் இந்த நோய்க்கான முதல் பதிவு அதுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

1. பல். ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் வயது, பிறப்பிலிருந்து ஏறக்குறைய 8 வரை. அந்தக் காலத்தில் புளோரைடு கூடினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் சரியாக இறுகாது. முதலில் சுண்ணாம்புக் கோடுகள் போல வெள்ளைத் திட்டுகள், பிறகு அவை மஞ்சளாகி, காவி ஏறி, கடைசியில் குழி விழும். 8 வயதுக்கு மேல் புதிதாக அந்த ஊருக்கு வந்து குடியேறும் ஒருவருக்கு முன்பல்லில் இந்தக் கறை விழுவதில்லை. அதே சமயம் ஒருமுறை விழுந்த கறை ஆயுளுக்கும் போகாது, எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும். கல்யாணப் பேச்சில் 'பொண்ணு எந்த ஊரு?' என்ற கேள்விக்கு வாயைத் திறந்ததுமே பதில் தெரிந்துவிடும் ஊர்கள் உண்டு.

2. எலும்பு. இது மெதுவாக வரும். லிட்டருக்கு 3, 4 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல ஆண்டு குடித்தால் மூட்டுகள் விறைக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது, குனிந்து நாற்று நட முடியாது. முதுமை, வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டே காலம் போய்விடும். இன்னும் மிகுந்தால் முதுகெலும்பு வளையும், நரம்பு நசுங்கும்.

3. வறுமை இதில் எங்கே வருகிறது? கால்சியமும் வைட்டமின் சி-யும் குறைந்த உணவில் வாழ்பவரை அதே தண்ணீர் அதிகமாகத் தாக்கும். ஆந்திரத்தில் சிறுவர்களின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுமாறு வளைந்துபோனதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-ல் எழுதினார்கள். அதில் ஊட்டக்குறைவுக்கும் பங்கு உண்டு. தருமபுரிக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம், அது கேழ்வரகு நாடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். ரேஷன் அரிசி வந்து களி குறைந்ததில் நாம் இழந்ததில் இதுவும் ஒன்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் களியும் அதே தண்ணீரில்தான் கிண்டப்படுகிறது, ஆகவே ரொம்பவும் கொண்டாட வேண்டாம்.

தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவு, தாய் குடிக்கும் தண்ணீரில் கூடுதலாக இருந்தாலும்கூட. குழந்தைக்கு ஆபத்து தொடங்குவது கஞ்சி, சத்துமாவு, தண்ணீர் கலந்த பசும்பால் என்று மாறும்போது.

வடிகட்டிக் குடித்தால் என்ன?

குடிக்கலாம். வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் தட்டுகிறது.

நல்கொண்டா முறை என்பது நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்தது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் கணக்காகப் போட்டுக் கலக்கி, படிய விட்டு, மேல்தண்ணீரை இறுத்துக்கொள்வது. பொருள்கள் எல்லாம் கடைத்தெருவில் கிடைக்கும். ஆனால் கலங்கல் தெளியப் போடுவதைவிடப் பல மடங்கு படிகாரம் தேவை, அதன் ருசி நாக்கில் நிற்கும், அளவு தவறினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும். அடியில் படியும் சேற்றை எங்கே கொட்டுவது என்பதும் தினசரிக் கேள்வி.

ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி நன்றாக வேலை செய்யும், சில மாதங்களுக்கு. அப்புறம் அந்த மணிகள் நிரம்பிவிடும். காஸ்டிக் சோடாவும் அமிலமும் கொண்டு கழுவி மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். கிராமத்து வீட்டில் இதை யார் செய்வது? நிரம்பிய வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரும் பார்வைக்கு அதே தெளிவுதான். வடிகட்டி இருக்கிறது என்ற நிம்மதியில் புளோரைடையே குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்.ஓ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளோரைடை எடுக்கும். கூடவே மின்சாரம், சவ்வு மாற்றும் செலவு, ஆபரேட்டர் சம்பளம் கேட்கும். ஏறக்குறைய பாதித் தண்ணீரை, சில இயந்திரங்களில் அதற்கு மேலும், கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவில் புளோரைடு இன்னும் அடர்ந்திருக்கும், அது சாக்கடை வழியே மறுபடி மண்ணுக்குள்ளேதான் போகிறது.

மழைநீர் பற்றி மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிந்தினாலும் 32,000 நிற்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 14,600-தான். தாராளமாகப் போதும். இடிப்பது சேமிப்பில்: மார்கழிக்கு மேல் ஐந்து மாதம் சரியான மழை இல்லை, அதற்கு 6,000 லிட்டர் மூடிய தொட்டி வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது சொந்தச் செலவில் ஆகிற காரியமில்லை. கூரை, ஓலையாகவோ உடைந்த நாட்டு ஓடாகவோ இருந்தால் பேச்சே இல்லை.

ஆக, பாறைத் தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட, பாறைக்குள் தேங்காத ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவதே நிலையான வழி என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியானது.

ஆறு ஏறி வந்த கதை

காவிரி ஆதலால் அரசியலும் கூட வந்தது. மத்திய அரசின் இசைவு 1998-ல் கிடைத்தது. 2008-ல் அடிக்கல் நட்ட சூட்டில் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, இங்கே பதில் போராட்டங்கள் நடந்து, கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அது பழங்கதை.

இன்றைக்கும் முடியாத கதை, உயரம். ஒகேனக்கல்லில் ஆறு ஓடும் மட்டம் ஓசூரைவிட அரை கிலோமீட்டருக்கும் மேல் தாழ்வு. 1,000 லிட்டர் தண்ணீரை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் கோட்பாட்டளவிலேயே 1.4 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம் வேண்டும், பம்பின் இழப்பைச் சேர்த்தால் ஏறக்குறைய 2 யூனிட். படிப்படியாக நீரேற்று நிலையங்கள் வழியே மேலே ஏறி, பெரிய தொட்டிகளில் தங்கி, அங்கிருந்து கிளைக் குழாய்களில் பிரிந்து, கடைசியில் உங்கள் ஊராட்சியின் தரைமட்டத் தொட்டிக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே மின்தடை வந்தாலும், எந்தச் சாலை வேலைக்காரரின் ஜேசிபி குழாயை உடைத்தாலும், கடைசி ஊருக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. குழாயின் தொடக்கத்தில் உள்ள ஊருக்கு இந்தக் கவலை குறைவு. வால்பகுதி ஊருக்குத்தான் எப்போதும்.

மக்கள்தொகையும் நிற்கவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 34 லட்சம் பேர். ஓசூரின் வளர்ச்சியைச் சொல்லவே வேண்டாம்.

தொட்டிக்குள் நடப்பது

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2,000 பேர் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர், ஆக நாளைக்கு 1,10,000 லிட்டர் தேவை. ஒகேனக்கல் குழாயில் அன்றைக்கு வந்தது 40,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 70,000-க்கு என்ன செய்வது? ஊரில் பழைய போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. போரிலிருந்து ஒரு லைன் அதே மேல்நிலைத் தொட்டிக்குப் போகிறது. டேங்க் ஆபரேட்டர் மோட்டாரைப் போடுகிறார். தொட்டி நிரம்புகிறது. தெருவுக்குத் தண்ணீர் போகிறது. யாருக்கும் குறையில்லை.

ஆற்றுத் தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 0.3, போர்த் தண்ணீரில் 3 என்று கொள்வோம். கலந்தால்:

1. ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தது: 40,000 × 0.3 = 12,000 மில்லிகிராம்.
2. போர்த் தண்ணீர் கொண்டுவந்தது: 70,000 × 3 = 2,10,000 மில்லிகிராம்.
3. மொத்தம் 2,22,000. இதை 1,10,000 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல்.

ஆளுக்கு 55 லிட்டர் கொடுத்தாயிற்று, பதிவேட்டில் டிக் அடித்தாயிற்று, தண்ணீர் மட்டும் வரம்பைத் தாண்டிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்தாலும் 1.65 வரும். 1-க்குள் நிறுத்த வேண்டுமென்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். வால்பகுதி ஊருக்குக் கோடையில் முக்கால் பங்கு எங்கே கிடைக்கும்?

இப்போது அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். ஜல் ஜீவனுக்கு முந்தைய ஊரகக் குடிநீர் அளவு ஆளுக்கு 40 லிட்டராக இருந்தது. அதை அரசே பிரித்துச் சொன்னது: குடிக்க 3, சமைக்க 5, குளிக்க 15, பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் 7, கழிப்பறைக்கு 10. உடம்புக்குள் போவது முதல் இரண்டு மட்டும், எட்டு லிட்டர். புளோரைடு தோல் வழியே பெரிதாக ஏறுவதில்லை. லிட்டருக்கு மூன்று மில்லிகிராம் உள்ள தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், மாட்டுக்கொட்டகையைக் கழுவலாம், ஒன்றும் ஆகாது.

நம் கிராமத்தில் 2,000 பேருக்கு எட்டெட்டு லிட்டர் என்றால் 16,000. வந்திருப்பதோ 40,000. குடிக்கவும் சமைக்கவும் போக, பாதிக்கு மேல் மிச்சம்! பஞ்ச நாளில் வரத்து பாதியாகக் குறைந்தாலும் 20,000 இருக்கும், அப்போதும் போதும். தண்ணீர் குறைவு என்பதைவிட, கலந்துவிட்டோம் என்பதுதான் இங்கே சிக்கல். ஒரு மோட்டார் சுவிட்சில் 1,900 கோடித் திட்டத்தின் பலன் கரைந்துபோகிறது.

தமிழில் இதற்குச் சொல்லே தயாராக இருக்கிறது: குடிதண்ணீர், புழக்கத் தண்ணீர். பழைய வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனி இடம். குழாய் வந்த பிறகு இரண்டும் ஒரே தொட்டிக்குள் போய்விட்டன. ஆனாலும் தெருக்குழாயில் தண்ணீர் விட்டதும், குடத்தை நீட்டுவதற்கு முன் 'இன்னைக்கு ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா?' என்று ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கையில் கொஞ்சம் பிடித்து வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, 'ரெண்டுங் கலந்த தண்ணி' என்று முகத்தைச் சுளிப்பவர்களும் உண்டு. அவர்கள் நாக்கு கண்டுபிடிப்பது உப்பை, புளோரைடை அல்ல. ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி.

பிரிப்பது சொல்வது போல எளிதா?

இல்லை. வீட்டுக்கு ஒரே குழாய்தான் போட்டிருக்கிறோம். இருக்கும் வழிகள் மூன்று, எனக்குத் தெரிந்தவரை மூன்றாவதே பெரும்பாலான சிறிய ஊர்களுக்குப் பொருந்தும்.

முதலாவது, இரட்டைக் குழாய். ஆற்றுத் தண்ணீருக்கு ஒன்று, போருக்கு ஒன்று. அழகான யோசனை, எல்லாத் தெருவையும் மறுபடி தோண்ட வேண்டும்.

இரண்டாவது, நேரப் பங்கீடு. காலை ஆறிலிருந்து ஏழு வரை ஆற்றுத் தண்ணீர் மட்டும், மதியத்துக்கு மேல் போர்த் தண்ணீர். காகிதத்தில் செலவில்லை. ஆனால் தொட்டியின் அடியில் நேற்றைய போர்த் தண்ணீர் மிச்சமிருந்தால் காலையில் வருவதும் கலவைதான். ஆகவே ஆற்றுத் தண்ணீருக்கென்று தொட்டியைத் தவிர்த்துச் செல்லும் ஒரு பைபாஸ் லைனும் வால்வும் வேண்டும். அதோடு, வீட்டுக்குள் மோட்டார் வைத்து லைனிலிருந்து உறிஞ்சுகிற வீடுகள் காலை ஒரு மணி நேரத்திலேயே தங்கள் சம்புகளை ஆற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளும். மேட்டுத் தெருவுக்கு, பெரும்பாலும் காலனிக்கு, சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

மூன்றாவது, ஆற்றுத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கே அனுப்பாமல் தெருவுக்கு ஒரு சிறு தொட்டியில் இறக்கி, அதில் நான்கு குழாய் வைப்பது. மேல்நிலைத் தொட்டியும் வீட்டுக் குழாயும் போர்த் தண்ணீருக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர், மூன்று குடம். இதிலும் ஒரு கசப்பு உண்டு: வாசலில் குழாய் வந்த பிறகு, மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போ என்று பெண்களிடம் சொல்கிறோம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு குடம் சுமந்த காலத்துக்கும் மூன்று குடத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'வீட்டுக்குழாய் இணைப்பு' என்ற எண்ணிக்கையில் இந்தத் தெருத்தொட்டி சேராது என்பதால் இதில் யாருக்கும் ஆர்வம் வருவதில்லை என்பது என் ஊகம்.

எதைச் செய்தாலும் அங்கன்வாடிக்கும் பள்ளிச் சமையல்கூடத்துக்கும் முதல் உரிமை. 8 வயதுக்குள் உள்ளவர்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடங்கள் அவை. அங்கே ஒரு 1,000 லிட்டர் தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் என்று வைத்துவிட்டால், மற்றதெல்லாம் தாமதமானாலும் அடுத்த தலைமுறைப் பற்களில் பெரும்பகுதி தப்பும். சோற்று அண்டாவுக்கும் சாம்பார் அண்டாவுக்கும் எந்தக் குழாயிலிருந்து பிடிக்கிறார்கள் என்பதை யாராவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

திட்டம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் களச் சோதனைப் பெட்டியில் புளோரைடுக்கு ஒரு சிறு சோதனை உண்டு. கண்ணாடிக் குழாயில் குறித்த கோடு வரை தண்ணீர் பிடித்து, சொட்டுக் கணக்கில் ஒரு சிவப்புக் கரைசலை விடுவது. புளோரைடு குறைவானால் இளஞ்சிவப்பு நிலைக்கும். கூடக் கூட அது வெளுத்து ஆரஞ்சாகி மஞ்சளுக்குப் போகும். பக்கத்தில் உள்ள வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் தோராயமான அளவு கிடைக்கும். சரியான எண்ணுக்கு மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே, எப்போது பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திட்டத் தண்ணீர் இறங்கும் வாயில் பிடித்தால் எப்போதும் நல்ல எண்ணே வரும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், ஒகேனக்கல் தண்ணீர் குறைவாக வரும் ஒரு சித்திரை மாதத்தில் பிடிக்க வேண்டும். கூடவே போர்த் தண்ணீரைத் தனியாக ஒரு பாட்டிலில். இரண்டு எண்களும் கிராமசபையில் வாசிக்கப்பட்டால் தொட்டிக்குள் எவ்வளவு கலக்கிறது என்று ஊரே கணக்குப் போட்டுவிடும்.

இரண்டாவது சோதனைக்குப் பெட்டி வேண்டாம். பெரியவர்களின் பல்லை வைத்து இன்றைய தண்ணீரைத் தீர்மானிக்க முடியாது. 1995-ல் பிறந்தவரின் காவிப் பல் சொல்வது 1995-லிருந்து 2003 வரையிலான தண்ணீரை. செய்தியில் படம் போட்டு 'திட்டம் தோல்வி' என்று எழுதும்போது இந்த இடத்தில்தான் தவறு நேர்கிறது. மேல்வரிசை நடு முன்பற்கள் முளைப்பது 7, 8 வயதில். ஆகவே 2013-க்குப் பின் பிறந்த குழந்தைகளின் முன்பற்கள் 2020-லிருந்துதான் வெளியே வரத் தொடங்கின. திட்டத்தைப் பற்றிப் பேச அந்தப் பற்களுக்கே தகுதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வெளிச்சத்தில் சிரிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பல்லில் மட்டும் திட்டு இருந்தால் அது அடிபட்டதாகவோ வேறு காரணமாகவோ இருக்கலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது புளோரைடு. அந்தப் பிள்ளைக்கு ஒன்றிலிருந்து மூன்று வயது நடந்தபோது வீட்டுச் சோறு எந்தத் தண்ணீரில் வெந்தது என்று டேங்க் ஆபரேட்டரிடம் போய்க் கேட்கலாம். அவருக்கு நினைவிருக்கும், எந்த வருஷம் குழாய் உடைந்தது, எத்தனை நாள் போர் மோட்டார் ஓடியது என்று.